‘நில்’ என்றதும் நிற்கும் கை: கோத்தகிரியில் ஓர் அண்ணன், ஒரு தங்கை

2024 ஆகஸ்ட். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த கையோடு, ஒரே வாரத்தில் ஒன்பது பெற்றோர் எங்கள் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார்கள். மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஓர் அம்மா, கோத்தகிரிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பக்கம் குடியிருப்பவர், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“சார், பெரியவனுக்குப் பன்னிரண்டு முடிஞ்சுது. சின்னவளுக்கு ஒன்பதரை. இவனைச் சேர்த்துக்கோங்க. இவ சும்மா வேடிக்கை பார்க்கட்டும்.”

கடைசியில் நடந்தது இதற்கு நேர்மாறு. தங்கை முதலில் சுட ஆரம்பித்தாள், அண்ணன் ஒரு வருடம் காத்திருந்தான். தயாராக இருந்த தங்கையையும் நான் இரண்டு மாதத்துக்கு மேல் வாசலிலேயே நிறுத்தி வைத்தேன். அதற்குக் காரணம் அவளில்லை. எதைப் பார்த்து எந்த முடிவை எடுத்தேன், எதில் தவறினேன் என்பதை முழுதாக எழுதிவைக்கலாம் என்றுதான் இது. அந்த வீட்டாரின் சம்மதம் இருக்கிறது. பெயர் எதுவும் போடவில்லை.

கூடம்

எங்கள் கூடம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. ஒரு காலத்தில் பச்சை இலையைப் பரப்பி வாட்டிய இடம். நீளமான பலகைத் தளம் என்பதால் 10 மீட்டர் தாராளமாகக் கிடைத்தது. மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடலாம். இலக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, ரவை பட்டால் கீழே பெட்டிக்குள் விழும். அதற்கும் பின்னால் தடித்த ரப்பர் பெல்ட்டைத் திரைபோலத் தொங்கவிட்டிருக்கிறோம். சுடும் பக்கம் வருவதற்கு ஒரே கதவு. அந்தக் கதவின் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது.

சுடுவது காற்றுத் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை, எடை சுமார் அரை கிராம். போட்டித் துப்பாக்கியிலிருந்து அது நொடிக்கு 170 மீட்டர் போலப் புறப்படுகிறது. இலக்கு அட்டையின் வெளி வளையமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர், குண்டூசி குத்திய அளவு. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் சுட்டதும் இதே புள்ளியைத்தான்.

இந்த விளையாட்டுக்கு ஓட்டம் வேண்டாம், முரட்டு பலம் வேண்டாம். ஒல்லிப் பிள்ளையும் செய்யலாம், மூச்சிரைக்கும் பிள்ளையும் செய்யலாம். அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். ஆனால் அந்த அரை கிராம் ரவை ஒரு கண்ணைப் போக்கப் போதும். ‘ஏர்கன்தானே’ என்று யாராவது ஆரம்பித்தால், அவர்கள் வீட்டுப் பிள்ளையைச் சேர்க்க நான் அவசரப்படுவதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற காற்றுத் துப்பாக்கிக்கு, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் கதையே வேறு. 21 வயது நிரம்பாதவர் அதை வைத்திருக்கக் கூடாது. 12 வயது நிரம்பியவர்கள் பயிற்சிக்காக, பெரியவர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தலாம். ஜெர்மனியில் காற்றுத் துப்பாக்கிக்கே 12 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரவை இல்லாத, ஒளியால் சுடும் துப்பாக்கி கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நம் மலையில் ஒரு கூடத்துக்கு அது கட்டுப்படியாகும் நாள் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஆக, 12 என்ற எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் கை பக்குவப்பட்டுவிடாது. பக்குவம் வந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கட்டை

சேர வருகிற பிள்ளை யாராக இருந்தாலும் முதல் நான்கு சனிக்கிழமை துப்பாக்கியைத் தொடாது. கையில் ஒரு சில்வர் ஓக் கட்டையைக் கொடுப்பேன். ஒரு மீட்டர் நீளம், இரண்டரை கிலோ எடை. ஒரு முனையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். துணி உள்ள முனைதான் துப்பாக்கியின் வாய். அது எப்போதும் இலக்குச் சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும். நடந்தாலும், இருமினாலும், மூக்கைச் சொறிந்தாலும் சுவரைத்தான் பார்க்க வேண்டும். விரல் கட்டையின் பக்கவாட்டில் நீண்டு கிடக்க வேண்டும். ‘நில்’ என்று யார் சொன்னாலும், கூடத்தைப் பெருக்கும் அக்கா சொன்னாலும், அந்த நொடியே கட்டை மேசைக்குப் போக வேண்டும், கை மேசையை விட்டு வர வேண்டும்.

அண்ணன் கெட்டிக்காரன். விதிகளை முதல் நாளே ஒப்பித்துவிட்டான். இரண்டாம் சனிக்கிழமை அவன் நிலையெடுத்து நிற்கும்போது நான் கதவோரம் போய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “என்ன சார்?” என்று முழு உடம்போடு திரும்பினான். கட்டையும் கூடவே திரும்பியது. சிவப்புத் துணி தங்கையைக் கடந்து, அம்மாவைக் கடந்து, என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. அவனுக்குத் தெரியவே இல்லை. “துணி எங்கே பார்க்குது?” என்றேன். பார்த்தான், சிரித்தான், திருப்பிக்கொண்டான். அடுத்த அரை மணி நேரத்தில் இதே மாதிரி இன்னும் மூன்று தடவை.

தங்கை வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள். அவளும் கேட்டதால் ஒரு கட்டையைக் கொடுத்தேன். அவளையும் அதே மாதிரி கூப்பிட்டேன். பதிலே இல்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தாள், துணியை விரலால் நேர் செய்தாள், ஓர் அடி பின்னால் வந்தாள், அப்புறம்தான் திரும்பி “சார்?” என்றாள். இதை யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணனிடம் நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறாள்.

நான்காவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். பலகைத் தளத்தில் அது போட்ட சத்தத்தில் அண்ணன் துள்ளித் திரும்பினான். தங்கைக்கும் உடம்பு தூக்கிப் போட்டது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் துணி சுவரை விட்டு நகரவில்லை.

இன்னொன்று ரவை எண்ணும் வேலை. டப்பாவிலிருந்து ஐம்பது ரவையைக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டு, மறுபடி எண்ணித் திருப்பித் தர வேண்டும். சலிப்பான வேலை, அதற்காகத்தான் கொடுப்பது. அண்ணன் “சரியா இருக்கு சார்” என்று நீட்டினான். நாற்பத்தெட்டு இருந்தது. அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, திரும்ப எண்ணவே இல்லை. தங்கை நாற்பத்தொன்பதைக் கொடுத்துவிட்டு, “ஒண்ணு பலகை இடுக்கில விழுந்துடுச்சு சார், எடுக்க வரல” என்றாள். துப்பாக்கி இருக்கும் இடத்தில் எனக்கு வேண்டியது இந்த வாக்கியம்தான். தவறு நடந்தால் நடந்தபடியே வந்து சொல்கிற பிள்ளையோடு வேலை செய்யலாம். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளையோடு முடியாது. அப்படி மறைக்கப் பழக்கியது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெரியவர்கள்தான்.

உடம்பையும் பார்க்க வேண்டும். அவள் எடை 24 கிலோ. போட்டித் துப்பாக்கி நாலு கிலோவைத் தாண்டும், அதை அவள் தூக்கி நின்றால் இடுப்பு பின்னால் வளையும். வளரும் முதுகுக்கு அது கூடாது. எங்களிடம் எடை குறைந்த, தோளில் வைக்கும் மரப்பகுதியைக் குறுக்கிய துப்பாக்கி ஒன்று உண்டு. அதையும் மேசையில் மணல் பையின்மேல் வைத்துத்தான் அவள் சுட முடியும். நின்று சுடுவதெல்லாம் பிறகு. மடக்கித் திறக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியைப் பிள்ளைகளிடம் மடக்கக் கொடுப்பதே இல்லை. பாதியில் கை நழுவினால் பேரல் அறைந்து மூடும், விரல் இடையில் இருந்தால் விரல் போகும்.

கண்ணிலும் ஒரு விஷயம் கிடைத்தது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். நான் பார்த்தால் எந்தக் கண் தெரிகிறதோ அது ஆளும் கண். வலது கையால் எழுதுகிறவளுக்கு ஆளும் கண் இடது. இதைப் பார்க்காமல் வலது தோளில் வைத்திருந்தால் வருடக்கணக்கில் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கஷ்டப்பட்டிருப்பாள். இடது தோளிலேயே ஆரம்பிப்பதென்று குறித்துக்கொண்டேன்.

நான்கு வாரம் முடிந்ததும் என் கணக்கு தெளிவு: தங்கை தயார், அண்ணன் இன்னும் இல்லை. அவன் குணத்தில் எந்தக் குறையும் கிடையாது. அவன் உடம்பு அவன் மனசை முந்திக்கொண்டு ஓடுகிற வயது, அவ்வளவுதான்.

வீடு

அடுத்த படி, பிள்ளையின் வீட்டுக்குப் போவது. இதைப் பலர் செய்வதில்லை, நானும் முன்பு செய்ததில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் பதினொரு வயதுப் பையன் ஒருவனை, அவன் அப்பாவின் வற்புறுத்தலுக்கு இணங்கிச் சேர்த்தேன். அருமையாகச் சுடுவான். பத்தில் எட்டு ரவை இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள் விழும். கூடத்தில் ஒரு விதியைக்கூட மீறியதில்லை. மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டில் திறந்து கிடந்த ஏர்கன்னால் சித்தப்பா மகனின் தொடையில் சுட்டுவிட்டான். விளையாட்டாகத்தான். ஆஸ்பத்திரியில் கீறி ரவையை எடுத்தார்கள். தொடையோடு போனது. ஒரு முழம் மேலே பட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை எழுப்பிவிடும். கூடத்தில் அவன் எப்படி நடக்கிறான் என்று பார்த்த நான், கூடத்துக்கு வெளியே அவன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. தவறு என்னுடையது.

அதனால் செப்டம்பர் கடைசியில் இவர்கள் வீட்டுக்குப் போனேன். பாதையில் ஒரு காட்டுமாடு நின்றுகொண்டு வழி விடாததால் இருட்டுகிற நேரத்தில்தான் போய்ச் சேர முடிந்தது. தாத்தா இலங்கையிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து இங்கே தேயிலையில் காலம் கழித்தவர். நல்ல மனிதர். கறுப்புத் தேநீரும் வர்க்கியும் வந்தன. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன், ஒரு பழைய ஏர்கன் சாய்த்து வைத்திருந்தது. ஜன்னல் விளிம்பில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி ரவை.

“குரங்குக்குங்க மாஸ்டர். பீன்ஸ் கொடியை விட்டுவைக்க மாட்டேங்குது. சும்மா பயம் காட்டத்தான்” என்றார்.

“உடம்பு மேல அடிப்பீங்களா ஐயா?”

கொஞ்சம் யோசித்தார். “பக்கத்துல அடிப்பேன். சில நேரம் பட்டுடும்.”

பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. தினமும் பார்க்கிற காட்சி அது. இலக்கு அட்டையைத் தவிர எதையும் சுடக் கூடாது என்று சனிக்கிழமை நான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தாத்தா குரங்கைச் சுடுவார். ஒன்பதரை வயதில் யார் பேச்சு நிற்கும்? குரங்கோடும் இது நிற்பதில்லை. கருமந்தியும் மலையணிலும் கொண்டைக்குருவியும் வருகிற தோட்டங்கள் இவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் கொல்லைப்புறத்துக்கும் சேர்த்துத்தான். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல், பறவைகளைக் காப்பாற்ற வேண்டி மக்கள் தாங்களாகவே ஏர்கன்னை அரசிடம் ஒப்படைக்கும் இயக்கமே நடந்தது. இதையும் அவரிடம் சொன்னேன்.

நான் கேட்டது மூன்று. துப்பாக்கி பூட்டுக்குள் போக வேண்டும். ரவை வேறோர் இடத்தில் வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும். உயிருள்ள எதன்மேலும் அதை நீட்டக் கூடாது. தாத்தா முகம் சுருங்கிவிட்டது. “நாப்பது வருஷமா வச்சிருக்கேன், ஒரு ஆளுக்கு ஒண்ணும் ஆனதில்ல” என்றார். அது உண்மைதான். அந்த நாற்பது வருடத்தில், துப்பாக்கியை இயக்கத் தெரிந்த ஒன்பது வயதுப் பிள்ளை அந்த வீட்டில் இருந்ததில்லை என்பதும் உண்மை. நான் பயிற்சி கொடுத்த மறுநாள் முதல் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

“அப்ப இவளையும் சேர்க்க மாட்டீங்களா? இவ என்ன தப்பு பண்ணா?” என்று அம்மா கேட்டார். கண் கலங்கியிருந்தது. தப்பே இல்லை என்றேன். வீடு தயாராகும் வரை கட்டையோடு வரட்டும் என்றேன். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் மனசு சரியில்லை. ஆனாலும் இன்றைக்கு யாராவது கேட்டால் அதையேதான் செய்வேன்.

ஐப்பசி மழையில் இரண்டு சனிக்கிழமை கூடமே நடக்கவில்லை. மற்ற வாரமெல்லாம் தங்கை வந்தாள். கட்டையை வைத்து நின்றாள், ரவை எண்ணினாள், போனாள். ஒரு முறைகூட ‘எப்போ சார்’ என்று கேட்கவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அப்பா போன் செய்தார். துப்பாக்கி டிரங்குப் பெட்டிக்குள், சாவி அவர் சட்டைப் பையில், ரவை அவர் ஓட்டும் வண்டியின் டேஷ்போர்டில். பீன்ஸுக்கு மேலே வலை கட்டியாகிவிட்டது. தாத்தா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார் என்றும் சொன்னார்.

முடிவும் பிறகும்

தங்கைக்குப் பத்து வயது ஆவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது முதல் ரவையைப் போட்டாள். ஒரு நாளைக்குப் பத்து ரவை, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொன்றாக நானே கையில் கொடுப்பேன். சுடாத நேரத்தில் குழல் முழுக்க ஆரஞ்சு நைலான் கயிறு ஓடியிருக்க வேண்டும், இரண்டு முனையும் வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் காலி என்று தூரத்திலிருந்தே யாருக்கும் தெரியும். சுடும்போது கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயம் ஆயிற்றே. கை கழுவாமல் வர்க்கியைத் தொட்டால் அடுத்த வாரம் சுட முடியாது. டிசம்பர் குளிரில் குழாய்த் தண்ணீருக்கு அழுவார்கள் என்று ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பேன்.

முதல் பத்து ரவைக்கு அவள் மதிப்பெண் நாற்பத்தாறு. அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் மதிப்பெண்ணைப் பலகையில் எழுதுவதில்லை.

நான் தவறியது அண்ணன் விஷயத்தில். முடிவை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், அம்மா எதிரிலேயே சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, தங்கை முன்னால் “உனக்கு இன்னும் இல்லை” என்று கேட்பது எவ்வளவு பெரிய அடி என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. மூன்று வாரம் அவன் அவளோடு பேசவில்லையாம். அவனைத் தனியாக உட்காரவைத்து, அவனுக்கான வழியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வந்தால் தனித்தனி நாளில் பேசுகிறேன்.

அவனுக்கு நான் கண்ட வழி, ‘நில்’ சொல்லும் பொறுப்பு. ஜனவரியிலிருந்து என் பக்கத்தில் நின்று, குழல் திசை மாறினால், விரல் டிரிகருக்குச் சீக்கிரம் போனால், குரல் கொடுக்க வேண்டும். முதல் நாளே நான்கு தடவை கத்தினான், அதில் மூன்று சரி. தங்கை ஒருமுறை இருமியபோது குழல் கொஞ்சம் சரிந்தது. அவன் “நில்” என்றான். அவள் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள், முகத்தில் கோபம் இல்லை. அவனுக்குத்தான் அது ஆச்சரியமாக இருந்தது போல. மற்றவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து அவன் கை அடங்கியது. ஆகஸ்டில் கட்டையோடு வந்து, “இப்ப கூப்பிட்டுப் பாருங்க சார்” என்றான். கூப்பிட்டேன். துணி அசையவில்லை. தட்டையும் போட்டுப் பார்த்தேன்.

நான்கு மாதம் சுட்டான். அப்புறம் பள்ளிக் கால்பந்து அணியில் இடம் கிடைத்து அங்கே போய்விட்டான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவனுக்கு எப்போது வேண்டுமோ அப்போது வரலாம். மனு பாக்கர் துப்பாக்கியைத் தொட்டதே 14 வயதில்தான், அதற்கு முன் வேறு வேறு விளையாட்டுகளில் இருந்தவர். 16 வயதில் உலகக் கோப்பைத் தங்கம். “இப்பவே சேர்க்கலைன்னா லேட் ஆயிடும் சார்” என்று பதறும் பெற்றோரிடம் இதைச் சொல்வேன்.

தங்கை இப்போது மணல் பையை விட்டு வாரம் இரண்டு ரவை மட்டும் நின்று சுடுகிறாள். எடை 29 கிலோ ஆகியிருக்கிறது, கை நீண்டிருக்கிறது. துப்பாக்கியின் மரப்பகுதி இப்போது அவளுக்குக் குட்டையாகிவிட்டது. கோத்தகிரித் தச்சரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், தோள் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் மரம் சேர்க்க வேண்டும். போன வாரம் தாத்தா முதல்முறையாகக் கூடத்துக்கு வந்தார். கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்து பத்து ரவையும் பார்த்தார். அவள் கயிற்றைக் குழலில் விடும்போது, “அது எதுக்கு?” என்று என்னைக் கேட்டார். அவளையே கேட்கச் சொன்னேன்.